டீக்கடை வாசலிலிருந்து லைன் வீடு வரை: ஏற்காட்டு மலையில் ஒரு பொது வைஃபையை நீட்டிய கதை

எங்கள் கையில் இருந்தது பதினைந்தாயிரம் ரூபாய். வைஃபையை நீட்டச் சேலத்தில் ஒரு இடத்தில் கேட்டபோது வந்த விலை முப்பத்தெட்டாயிரம். அதில் முக்கால்வாசி 'ஹை பவர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரே பெட்டிக்கு. அந்தப் பெட்டியை வாங்காமல் விட்டதுதான் இந்த வேலையில் நாங்கள் செய்த முதல் நல்ல காரியம். புத்தியால் விடவில்லை, காசில்லாமல் விட்டோம்.

நான் சேலத்தில் கேமரா, நெட்வொர்க் மாட்டும் வேலை செய்கிறவன். என் அக்காவைக் கொடுத்திருப்பது மலை மேலே, ஏற்காடு டவுனிலிருந்து நாகலூர் பக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். போன வருடம் பொங்கலுக்குப் போயிருந்தபோது ராத்திரி எட்டரை மணிக்கு அங்கிருந்த டீக்கடைப் படிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடை அடைத்தாகிவிட்டது. "டீக்கு இல்ல தம்பி, நெட்டுக்கு உக்காந்திருக்காங்க" என்றார் மாமா.

ஊர் மலை மடிப்புக்குள் இருக்கிறது. மொபைல் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கடைக்கார அண்ணன் ஜெராக்ஸ் மெஷினுக்காக ஃபைபர் இணைப்பு வாங்கி, அதிலேயே பிஎம்-வாணி திட்டத்தில் பொது வைஃபை வைத்திருந்தார். மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. டீக்கடை, மளிகைக்கடை யார் வேண்டுமானாலும் உரிமமோ பதிவோ இல்லாமல் பொது தரவு அலுவலகமாக, அதாவது வைஃபை கொடுக்கும் கடையாக, இருக்கலாம். பயன்படுத்துகிறவர்களை அடையாளம் பார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவருக்கு மேலே இருக்கும் ஒருங்கிணைப்பாளரின் வேலை. வீட்டு பிராட்பேண்டை வாங்கி ஊருக்குப் பிரித்து விற்பதும் இதுவும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் பின்னால் ஒரு இடத்தில் எங்களுக்கு முக்கியமாக வந்தது.

சிக்கல் ஒன்றுதான். வைஃபை கடைப் படிக்கட்டைத் தாண்டவில்லை.

எங்கே வேண்டும் என்று முதலில் ஒரு நோட்டில் எழுதினோம். கடையிலிருந்து 60 மீட்டரில் பஸ் ஸ்டாப். 140 மீட்டரில், சரிவில் இறங்கினால் படிப்பகம். அது கடைக் கூரையைவிடச் சுமார் 26 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், இரண்டு வரிசை. பறவைக் கணக்கில் 620 மீட்டர், கால் கணக்கில் அரை மணி நேரம். அங்கிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் உதவித்தொகை விண்ணப்பம் போட இந்தப் படிக்கட்டுக்குத்தான் நடந்து வருகிறார்கள்.

அளப்பது

எதையும் வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் அளந்தோம். போனில் ஒரு இலவச வைஃபை அனலைசர் ஆப், கையில் நோட்டு, கூட வந்தவன் அக்கா மகன், பிளஸ் டூ படிப்பவன். சிக்னலின் பலத்தை டிபிஎம்மில் எழுதுவார்கள், மைனஸ் கணக்கு; எண் ஏற ஏற சிக்னல் மெலிவு. எண்ணில் ஒன்று கூடிக் குறைவது ஒரு டெசிபல். மைனஸ் 50 என்றால் பக்கத்திலேயே நிற்கிறோம். மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கல் இல்லாமல் ஓடும். மைனஸ் 75 தாண்டினால் தள்ளாட்டம். மைனஸ் 80-ஐயும் தாண்டினால் பெயர் மட்டும் தெரியும், வேலை ஆகாது.

கடை பெஞ்சில் மைனஸ் 48. ரோட்டைக் கடந்தால் 66. பஸ் ஸ்டாப்பில் 83. படிப்பகத்தில் எப்போதாவது 91 என்று காட்டி மறைந்தது. லைன் வீட்டில் ஒன்றுமில்லை.

ஒரே இடத்தைக் காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில், மதியம் வெயிலில், மழை விட்ட பிறகு என்று மூன்று வேளையும் அளந்தோம். ஊரில் எல்லோரும் சொன்னது, "பனி எறங்கிட்டா நெட்டு வராது." அளவு அப்படிச் சொல்லவில்லை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனியிலும் பஸ் ஸ்டாப் அதே மைனஸ் 83. வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பனித்துளி ஒரு பொருட்டே இல்லை. கொட்டும் மழைகூட 5 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டெசிபல்தான் தின்னும். நம் தூரத்துக்கு அது கணக்கிலேயே வராது. ஆனால் மழை விட்டு அரை மணி நேரம் கழித்து, மரம் சொட்டிக்கொண்டிருக்கும்போது, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று அளந்தால் நாலைந்து டெசிபல் காணாமல் போயிருந்தது. குடிப்பது நனைந்த இலை. பழி மட்டும் பனி மேல் விழுகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

காசு செலவில்லாமல் ஒன்பது டெசிபல்

ரூட்டர் எங்கே இருந்தது என்று சொன்னால் இந்த வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். தகர ஷீட்டுக்கு அடியில், பிரிட்ஜுக்குப் பின்னால், எவர்சில்வர் ரேக்கின் நடுத்தட்டில், பிஸ்கட் டின்களுக்கு நடுவே. நாலு பக்கமும் இரும்பு. அதை எடுத்து ரோட்டைப் பார்த்த மர நிலைக்கு மேலே, காற்றுப்போக்கிக்குப் பக்கத்தில் வைத்தோம். தள்ளியது இரண்டே மீட்டர். பஸ் ஸ்டாப்பில் 83 இருந்தது 74 ஆனது.

ஒன்பது டெசிபல் என்பது எட்டு மடங்கு. இவ்வளவு ஆதாயத்தைக் காசு கொடுத்து வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும்.

ரூட்டர் பேசும் அலைவரிசையின், அதாவது சேனலின், அகலம் 40 மெகாஹெர்ட்ஸில் இருந்ததை 20-க்கு இறக்கினோம். அகலமாக விரித்தால் வேகம் கூடும், ஆனால் அதே சக்தி இரண்டு மடங்கு இடத்தில் பரவி மெலியும். கூடவே இரைச்சலும் இரண்டு மடங்கு உள்ளே வரும். வெளியில் தூரம் வேண்டுமென்றால் ஒடுக்கமாகத்தான் பேச வேண்டும்.

என் தப்பு

இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாக யோசித்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. சேலத்தில் என் பரணில் ஒரு 12 டிபிஐ வட்ட ஆண்டெனா சும்மா கிடந்தது, ஆளுயர வெள்ளைக் குச்சி. டிபிஐ என்பது ஆண்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற டெசிபல் கணக்கு. "எல்லாப் பக்கமும் அடிக்கும்" என்று மாமாவிடம் பெருமையாகச் சொல்லி, அடுத்த தடவை குப்பனூர் வழியாகப் பைக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தேன். கூரையில் கம்பம் நட்டு, மேலே குச்சியை நிறுத்தி, கீழே கடைக்குள் இருந்த ரூட்டருக்கு எட்டு மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் மைனஸ் 70. நாலு டெசிபல் லாபம், அவ்வளவுதான். படிப்பகத்தில் 89, ஏறக்குறைய பழைய நிலைமை.

இரண்டு காரணம், இரண்டும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. ஆர்ஜி-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் தின்னும். எட்டு மீட்டரில் எட்டு டெசிபல் போனால் பன்னிரண்டில் மிச்சம் நாலு. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஓட்டைக் குடத்தில் கொண்டுபோன கதை.

இரண்டாவது காரணம் மலைக்கென்றே உள்ளது. வட்ட ஆண்டெனா எல்லாப் பக்கமும் அடிக்கும் என்பது கிடைமட்டத்தில் மட்டும் உண்மை. டிபிஐ ஏற ஏற அதன் வீச்சு தட்டையாகிக்கொண்டே போகும். உளுந்து வடையை அழுத்தி அப்பளமாக்குவது போல. 12 டிபிஐ குச்சிக்கு மேலும் கீழுமாகச் சேர்த்து ஏழு டிகிரிதான் நல்ல வீச்சு. அதாவது நேர்கோட்டுக்குக் கீழே மூன்றரை டிகிரி. படிப்பகமோ 140 மீட்டர் தள்ளி 26 மீட்டர் பள்ளத்தில், பத்தரை டிகிரி கீழே. அப்பளம் அவர்கள் தலைக்கு மேலே பறந்து எதிர்மலைக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சேலத்தில், சமதளத்தில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி இதே குச்சி அருமையாக வேலை செய்யும். மலையில் அது காட்டெருமைக்குத்தான் நெட் கொடுக்கும்.

வெட்கத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். கடைக்குள் இருந்த ரூட்டரைக் கழற்றிவிட்டு, கையில் கொண்டுபோயிருந்த பவர் கூடுதலான ஒன்றை மாட்டி, அதை முழுசாக ஏற்றினேன், 27 டிபிஎம், அரை வாட். படிப்பகத்தில் போனில் கோடு கூடியது. பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருவர் போனை நீட்டினார். "கோடு மூணு நிக்குது சார், ஆனா தொறக்க மாட்டேங்குதே?"

அந்த ஒரு கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது.

வைஃபை ரேடியோப் பெட்டி மாதிரி ஒருவழி இல்லை. ரூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் போன் 'வந்தது' என்று பதில் சொல்ல வேண்டும். போனின் சக்தி சுமார் 15 டிபிஎம், முப்பது மில்லிவாட் சொச்சம். ரூட்டர் 27. வித்தியாசம் 12 டெசிபல், பதினாறு மடங்கு. மலை மேல் நின்று ஒருவர் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார், பள்ளத்தில் நிற்பவர் வெறும் தொண்டையில் பதில் சொல்கிறார். கீழே இருப்பவருக்கு எல்லாம் கேட்கும், மேலே இருப்பவருக்கு எதுவும் கேட்காது. மேலே இருப்பவர் "கேட்டுச்சா, கேட்டுச்சா" என்று திரும்பத் திரும்பக் கத்துவார். கோடு மூன்று நிற்கும், பக்கம் திறக்காது.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பெட்டி விற்றது இன்னும் பெரிய ஒலிபெருக்கியை. எங்களுக்கு வேண்டியிருந்தது காது. ஆண்டெனா காதும்கூட: அனுப்பும்போது எத்தனை டெசிபல் சேர்க்கிறதோ, வாங்கும்போதும் அத்தனை சேர்க்கும். கடையில் 'பூஸ்டர்' என்று விற்கும் மலிவான பெருக்கிகளில் பல, அனுப்பும் பக்கத்தை ஏற்றுகிற அளவுக்குக் கேட்கும் பக்கத்தை ஏற்றுவதில்லை. அதனால் காசை உயரத்திலும் கோணத்திலும் திசையிலும் போட வேண்டும். சக்தியைத் திருகி ஏற்றுவது கடைசி வழி. பெரும்பாலும் அதைக் குறைக்க வேண்டியிருக்கும்.

சட்டமும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் வெளியில் பயன்படுத்த 2005-ல் வந்த விதிப்படி, ரேடியோ ஒரு வாட்டுக்கும், ஆண்டெனா சேர்த்த வீச்சு நாலு வாட்டுக்கும், அதாவது 36 டிபிஎம்முக்கும் மேல் போகக் கூடாது. ஆண்டெனா கட்டிடக் கூரைக்கு மேல் ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். நான் ஏற்றிவைத்த 27-உம் குச்சியின் 12-உம் சேர்ந்தால் 39. கேபிள் எட்டைத் தின்றதால் தப்பித்தேன், அவ்வளவுதான்.

தூக்குக்குண்டும் பாகைமானியும்

குச்சியைக் கழற்றினோம். அதற்குப் பதில் 9 டிபிஐ திசை ஆண்டெனாவும் ரேடியோவும் ஒரே உறைக்குள் இருக்கும் வெளிப்புறப் பெட்டி ஒன்று வாங்கினோம், 3,100 ரூபாய். ரேடியோவே கம்பத்தில் ஏறிவிடுவதால் தின்னும் கேபிள் கிடையாது. கீழிருந்து மேலே போவது லான் கேபிள் மட்டும், கரண்டும் அதிலேயே. இதன் வீச்சு பக்கவாட்டில் 65 டிகிரி, மேல்கீழாக 35 டிகிரி. எங்கள் அதிர்ஷ்டம், பஸ் ஸ்டாப்பும் படிப்பகமும் கடையிலிருந்து ஒரே பக்கம், நாற்பது டிகிரி இடைவெளிக்குள். பின்பக்கம் தேவையில்லை, அங்கே காப்பித் தோட்டம்தான்.

கம்பம் மூன்று மீட்டர் ஜிஐ பைப். பெட்டியைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும், ஆனால் எவ்வளவு சாய்த்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் சுவர் வைத்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டை வாங்கினான் மருமகன். தன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, மையத் துளையில் நூலைத் தொங்கவிட்டான். நூல் 90-ல் நின்றால் நேர். நான் கிளாம்பைத் தளர்த்தித் தளர்த்தி அழுத்த, அவன் "எண்பத்தி அஞ்சு... எண்பத்தி மூணு... மாமா காத்து அடிக்குது, இருங்க... எண்பத்தி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்பது டிகிரி சாய்வில் நட்டை இறுக்கினோம். அன்று கொத்தனாருக்கு இரண்டு டீ.

சக்தியை 27-லிருந்து 18-க்கு இறக்கினேன். படிப்பகத்தில் மைனஸ் 68. பஸ் ஸ்டாப்பில் 62. சத்தம் குறைந்து சிக்னல் கூடியதைப் பார்த்துக் கடைக்கார அண்ணன் என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார். முன்தினம் நான் நின்ற நிலை அவருக்கு மறந்துபோயிருந்தால் நல்லது.

படிப்பகத்துக்கு உள்ளே கருங்கல் சுவர், ஒன்றரை அடிக் கனம். உள்ளே நுழைந்தால் மைனஸ் 84. ஒரு பழைய ரூட்டரை ரிப்பீட்டராக வைத்துப் பார்த்தோம். கோடு நிறைந்தது, வேகம் 35 மெகாபிட்டிலிருந்து 16-க்கு விழுந்தது. ஒரே ரேடியோ கேட்கவும் வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்றால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். ரிப்பீட்டருக்கு ரிப்பீட்டர் வைத்தால் கால்வாசிதான் மிஞ்சும். ரிப்பீட்டரை எடுத்துவிட்டு, படிக்கும் மேசையை ஜன்னலோரம் நகர்த்தினோம்.

பள்ளத்தைத் தாண்டுவது

620 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுப் போனைக் கடைக் கூரையிலிருந்து பிடிக்கப் பார்ப்பது வீண். அங்கே ஒரு ஏ.பி., அதாவது போன்கள் வந்து இணையும் வைஃபை பெட்டி, வைத்து, அதற்குத் தனியாக ஒரு 5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு கொடுப்பதுதான் வழி. 2018-ல் வந்த அறிவிக்கைக்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸில் பெரும் பகுதியை வெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். 13 டிபிஐ பெட்டிகள் இரண்டு, பழசு, ஜோடி 4,200-க்குக் கிடைத்தது.

கணக்கு போட்டுப் பார்த்தோம். வெட்டவெளியில் 620 மீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இழப்பு 103.6 டெசிபல். அனுப்புவது 20, இரு பக்க ஆண்டெனா 13-உம் 13-உம். கழித்தால் மைனஸ் 57.6 வர வேண்டும். மாட்டினோம், வந்தது மைனஸ் 78.

இருபது டெசிபல் எங்கே போனது? கூரையில் நின்று பார்த்தால் லைன் வீட்டுச் சுவர் பளிச்சென்று தெரிகிறது. மருமகன் அங்கிருந்து கண்ணாடியில் வெயிலைத் திருப்பிக் காட்டினான், என் கண்ணில் அடித்தது. கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரேடியோ அலை கயிறு மாதிரிப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரிப் போகும். இந்தத் தூரத்துக்கு நடுப் பகுதியில் அதன் ஆரம் 2.8 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, கோட்டைச் சுற்றி 1.7 மீட்டருக்கு எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. எங்கள் வெள்ளரிக்காய்க்குள் பாதிவரை ஒரு சில்வர் ஓக் தலையை நீட்டிக்கொண்டிருந்தது, மிளகுக் கொடி சுற்றிய நிழல்மரம்.

மரம் எஸ்டேட்டுடையது. கிளையை வெட்டலாமா என்று கேட்டதற்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், "மழைக்கு முன்னாடி எப்படியும் நெழல் கழிப்போம், அதுவரைக்கும் கை வெக்காதீங்க" என்றார். நியாயம்தான். கடைக் கூரையின் மறுமூலைக்குக் கம்பத்தை இரண்டரை மீட்டர் நகர்த்தி, லைன் வீட்டுப் பக்கம் பெட்டியை ஒன்றரை மீட்டர் உயர்த்தினோம். மைனஸ் 62. மழை விட்ட பிறகு 66. இலை நுனி இன்னும் ஓரத்தைத் தொடுகிறது, ஆனால் இணைப்பு அறுவதில்லை.

திசை பிடிக்க எங்களுக்குக் கருவி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஆள், போனில் பேசிக்கொண்டே. அங்கே மொபைல் சிக்னல் இல்லாததால் முதல் பத்து நிமிடம் துண்டை வீசித்தான் பேசினோம். தலைக்கு மேல் துண்டு என்றால் கூடுகிறது, கீழே இறக்கினால் குறைகிறது. மெதுவாகத் திருப்ப வேண்டும். உச்சத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். பக்கவாட்டில் பிடிக்கும் முதல் உச்சம் பெரும்பாலும் பொய், அது ஆண்டெனாவின் ஓரக் கசிவு.

லைன் வீட்டுக் கடைசி வீட்டு அக்கா கரண்ட் கொடுத்தார். திண்ணைக்கு மேலே, மழை படாத இடத்தில் 450 ரூபாய்க்கு வாங்கிய பழைய ரூட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி ஏ.பி.யாக வைத்தோம். அதன் அலை பாதி பின்சுவருக்குள் போய் வீணாகிக்கொண்டிருந்தது. காலி எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, ஒரு முழ அகலத் தகடாக்கி, ஆண்டெனாவுக்குப் பின்னால் மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டேகால் சென்டிமீட்டர். அதில் கால் பங்கு தள்ளி வைத்தால் பட்டுத் திரும்பும் அலை முன்னால் போகும் அலையோடு சேர்ந்துகொள்ளும். வாசலில் நாலு டெசிபல் கூடியது. தகட்டில் இன்னும் கடலை எண்ணெய் விளம்பரம் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் வாணி விஷயம் வந்தது. லைன் வீட்டு ரூட்டரை வழக்கம்போலத் தனி நெட்வொர்க்காக வைத்தால் அத்தனை வீட்டுப் போனும் வெளியே ஒரே ஆளாகத் தெரியும். யார் எப்போது இணைந்தார் என்ற கணக்கு குழம்பிவிடும், பொது வைஃபையில் அது கூடாது. அதனால் எல்லாப் பெட்டியையும் வெறும் பாலமாக வைத்து, ஒவ்வொரு போனும் கடையிலிருக்கும் நுழைவாயிலில்தான் ஓ.டி.பி. போட்டு உள்ளே வரும்படி செய்தோம். பெயர் எல்லா இடத்திலும் ஒன்று, சேனல் வேறு வேறு: கடைக் கம்பத்தில் 1, லைன் வீட்டில் 11.

கோளாறுகள்

முதல் வாரமே லைன் வீட்டுப் பெட்டி ராத்திரியில் அணைந்து அணைந்து எரிந்தது. தப்பு கேபிளில். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய லான் கேபிளின் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன்; மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம், அதுவும் நூல் மாதிரி. 35 மீட்டருக்கு அதில் 12 வோல்ட் பேட்டரியை நேராக விட்டிருந்தோம். மறுமுனையில் மல்டிமீட்டர் ஏழு வோல்ட் காட்டியது. அசல் செம்புக் கேபிளுக்கு மாறி, சின்ன ஸ்டெப்-அப் மாடியூல் வைத்து 24 வோல்ட்டாக அனுப்பினோம். வோல்ட் இரட்டித்தால் கரண்ட் பாதி, கம்பியில் வீணாவது கால்வாசி. பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. கரண்ட் போனால் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்குகிறது.

குரங்குகள் கேபிளைக் கடிக்கவில்லை, ஊஞ்சலாடின. கேபிளை ஜிஐ பைப்புக்குள்ளேயே இறக்கிய பிறகு ஆர்வம் போய்விட்டது. கூரைக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினோம், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கோடை மழையோடு வரும் இடியை நினைத்துக் கம்பத்துக்குத் தனி எர்த் போட்டு, கடை எர்த்தோடு சேர்த்துக் கட்டினோம். இருந்தாலும் இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

செலவு: வெளிப்புறப் பெட்டி 3,100, 5.8 ஜோடி 4,200. பைப், கிளாம்ப், எர்த் கம்பி 2,150. செம்புக் கேபிள் 80 மீட்டர் 2,400. பழைய ரூட்டர் இரண்டு 900, அதில் ஒன்று மாற்றுக்கு. பேட்டரி வகையறா 1,650. வீணாய்ப்போன கேபிள்கள் 900. மொத்தம் 15,300. மேலே போன முந்நூறைக் கடைக்கார அண்ணன் டீக்கணக்கில் எழுதிக்கொண்டார். என் பைக் பெட்ரோல் இதில் இல்லை, அதை அக்கா வீட்டுச் சோற்றில் கழித்துக்கொண்டேன்.

லைன் வீட்டில் மதியம் 28 மெகாபிட் வருகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆறு. மே மாதம் கோடை விழா சமயத்தில் சுற்றுலா வண்டிகள் கடை முன்னால் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. இது வீச்சுப் பிரச்சினை அல்ல. கடையின் இணைப்பே 50 மெகாபிட்தான், காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆளுக்கு நாலு மெகாபிட் என்று கட்டிவைத்தோம். பெரிய திட்டத்துக்கு மாறலாமா என்று அண்ணன் யோசிக்கிறார். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி, வாணி மையங்களுக்கு 200 மெகாபிட் வரையிலான ஃபைபர் திட்டத்தை வீட்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்கக் கூடாது. அந்தக் கணக்கை இன்னும் போட்டு முடிக்கவில்லை.

படிக்கட்டில் இப்போது ராத்திரி யாரும் இல்லை. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், கடைசி ரவுண்டு பஜ்ஜி ஓடுவதில்லையாம்.

லைன் வீட்டுக்குப் பின்னால் மேட்டின் மறுபக்கம் ஆறு வீடுகள் விடுபட்டிருக்கின்றன. அங்கே போக மேட்டு உச்சியில் இருக்கும் எஸ்டேட் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு கம்பம் வேண்டும். ரைட்டரிடம் கேட்டிருக்கிறோம். "மொளகு பறிச்சு முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். மருமகன் இப்போதே பாகைமானியோடு ஏறிப்போய்க் கோணம் எழுதி வைத்துவிட்டான்: பதினாலு டிகிரி கீழே.